பாலத்திலிருந்து ட்ரம்வாரி வரை ஒரு வாத்து

எங்கள் பள்ளத்தாக்கில் வக்கீல் என்று இருந்தது நான் ஒருவன்தான். அதனால் வாதியும் பிரதிவாதியும் என்னிடமே வருவார்கள். காலையில் ஒருவருக்கு ஆலோசனை சொல்வேன், மாலையில் அடுத்தவருக்கு அதற்கு எதிர் ஆலோசனை சொல்வேன், நடுவில் மதியம் நன்றாகத் தூங்குவேன். ட்ரம்வாரி விவகாரத்திலும் நான்தான் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல்.

ட்ரம்வாரி என்பது மேட்டின்மேல் நிற்கிற பழைய கல் கோபுரவீடு. அறைக்கு மேல் அறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுழல்படி. படுக்கையறையில் இருப்பவர் சமையலறையில் மறந்த கண்ணாடியை எடுக்க இறங்கி ஏறினால் சாப்பிட்டது செரித்துப் பசி எடுத்துவிடும். அந்த வீட்டில் மிஸ் எல்ஸ்பெத் லீத் தனியாக இருந்தார். வயது அறுபதுக்கு மேல். உயரமானவர், நிலைப்படியில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு புடைப்பு. அவருடைய வம்சம் அங்கே நானூறு வருஷமாக ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு வாழ்ந்து வந்தது.

வீடு லீத் வம்சத்தினுடையதுதான். ஆனால் அந்தக் காலத்துச் சட்டப்படி எங்கள் நாட்டில் நிலத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால், அவருக்கு மேலே மேலுடையார் என்று இன்னொருவர் இருப்பார். அவர் நிலத்தில் கால் வைக்கமாட்டார், உழமாட்டார். சும்மா மேலே இருப்பார். ட்ரம்வாரியின் மேலுடையாருக்குச் சேரவேண்டியது குத்தகைப் பணம் இல்லை, ஒரு வாத்து நடை.

அந்த நிபந்தனை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதை வைத்து ஒரு விளையாட்டே உண்டு. மேலுடையார் ஆற்றுப்பாலத்துக்கு வந்து கேட்டால், ஒரு வெள்ளைப் பெருவாத்து அவருக்கு முன்னால் கோபுரவீட்டு வாசல்வரை நடக்கவேண்டும். யாரும் அதை விரட்டக்கூடாது, கயிறு கட்டக்கூடாது, தீனி காட்டக்கூடாது. அது தன் இஷ்டத்துக்கு நடக்கவேண்டும். வாத்து வந்து சேராமல் போனால் வீடு மேலுடையாருக்கு. நடுவில் மேலுடையார் வாத்தை முந்தினாலோ, அதை விட்டுவிட்டுப் போனாலோ அவருடைய உரிமை அதோடு தீர்ந்தது. இப்படி எழுதியவர்கள் என்ன குடித்துவிட்டு எழுதினார்கள் என்று தெரியவில்லை. முந்நூறு வருஷமாக யாரும் கேட்டதும் இல்லை.

அப்போதுதான் டண்டீ நகரத்திலிருந்து கத்பர்ட் பெட்டிக்ரூ வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். குட்டையான மனிதர், எப்போதும் கழுவிய கை. ஏலத்தில் மேலுடைமையை வாங்கியிருந்தார். என் அறைக்குள் வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாத்து நடையை நான் கேக்கலாமா?"

"கேக்கலாம். ஆனா ஏன் கேக்கணும்?"

"உரிமைன்னு ஒண்ணு இருந்தா கேக்கணும்ல."

நான் அதை மிஸ் லீத்திடம் போய்ச் சொன்னேன். அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீ யாரு பக்கம் கில்பர்ட்?"

"ரெண்டு பக்கமும்தாங்க."

"சரி, என் பக்கத்து ஆளா இப்ப ஒரு வார்த்தை சொல்லு. நான் என்ன பண்ணணும்?"

"ஒரு வாத்து வேணும்."

அங்கேதான் சிக்கல். மிஸ் லீத்திடம் வாத்து இல்லை. பெருவாத்து வளர்த்த ஒரே ஆள் டில்லிபோ. எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரரைப் பண்ணையின் பெயரால்தான் கூப்பிடுவோம்; அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானத்துக்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை. இந்த டில்லிபோ, மிஸ் லீத்தின் அப்பா செத்த அன்று சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டே, கோபுரவீடு ஆற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நான்தான் தூது போனேன்.

"வாத்து தரேன். சாய்ஞ்சிருக்குன்னு அந்தம்மா ஒத்துக்கட்டும்" என்றார் டில்லிபோ.

மேலே போய்ச் சொன்னேன். மிஸ் லீத் ஜன்னல் வழியாக ஊர் வீடுகளைப் பார்த்தார்.

"மத்த வீடெல்லாம் சாய்ஞ்சிருக்கு, என் வீடு நேரா இருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான் என்னால முடியும்."

டில்லிபோவுக்கு அது போதும் என்று பட்டது. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வாத்துக்குப் பெயர் பாதிரியார். எங்கள் பாதிரியாரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நடக்கும், எதிரே வருபவரின் முழங்காலைப் பார்த்துச் சீறும். தினமும் காலையில் மேட்டுப் பக்கம்தான் மேயப் போகும் என்றார் டில்லிபோ. அதனால் ட்ரம்வாரிக்கு நேராகப் போய்விடும், அரை மணியில் வேலை முடிந்துவிடும், பிறகு எல்லோரும் சூப் குடிக்கலாம் என்பது ஏற்பாடு.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊர் முழுக்கப் பாலத்தில் கூடியது. பெட்டிக்ரூ கறுப்புக் கோட்டும் பளபளக்கிற புது பூட்சும் போட்டு வந்திருந்தார். மிஸ் லீத் கோபுரவீட்டின் உச்சியில், கூரையைச் சுற்றிய நடையில், தூரக்கண்ணாடியோடு நின்றார். டில்லிபோ கூடையைத் திறந்தார். பாதிரியார் வெளியே வந்து, பாலத்தைப் பார்த்து, மேட்டைப் பார்த்து, பெட்டிக்ரூவின் பூட்சைப் பார்த்து, இடது பக்கம் திரும்பி டர்னிப் வயலுக்குள் இறங்கியது.

"அது தப்பான வழி" என்றார் பெட்டிக்ரூ.

"அது இஷ்டம்" என்றேன் நான்.

அவர் பின்னாலேயே இறங்கினார். வயலில் முழங்கால்வரை சேறு. வாத்து வயலைக் கடந்து ஓடையில் நீந்தியது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். பாதிரியார் வாத்து, பாதிரியாரின் தோட்டத்துக்குள் நுழைந்து, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே போனது. பெட்டிக்ரூ யாருடைய உள்பாவாடையோ தலையில் மாட்ட வெளியே வந்தார். உண்மையான பாதிரியார் ஜன்னலைத் திறந்து, "யாருய்யா அது?" என்று கேட்டார். "பாதிரியார் பின்னாடி போறேங்க" என்றார் பெட்டிக்ரூ, மூச்சு வாங்கிக்கொண்டே. ஜன்னல் சாத்தப்பட்டது. ஊர் மொத்தமும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தோம். ஒரு வாத்துக்குப் பின்னால் நாங்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்ததுபோல எந்தச் சவ ஊர்வலத்திலும் நடந்ததில்லை.

கடைசியில் வாத்து ஓடையோரம், பால்கேன் வைக்கிற மேடைக்குப் பக்கத்தில், கற்சுவர் மூலையில் இருந்த முட்செடிக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை. டில்லிபோ மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"வக்கீலு, பாதிரியாருக்குக் கீழ முட்டை இருக்கு."

"எத்தனை?"

"எத்தனைன்னா என்ன? ஆம்பளைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் நான்."

தினமும் காலையில் மேய்ச்சலுக்கு என்று கிளம்பியது இங்கே வந்து முட்டையிடத்தான் போலும். இன்றைக்கு அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. பெருவாத்து அடைகாக்க ஒரு மாதம் ஆகும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். வாத்து நடையை நிறுத்தியது என்று யாரும் சொல்லமுடியாது. நடுவில் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கலாம் என்று நிபந்தனையில் இல்லை. ஆகவே மிஸ் லீத் தோற்கவில்லை. பெட்டிக்ரூ எழுந்து வீட்டுக்குப் போனால் வாத்தை விட்டுப் போனதாகும். அவருக்கு உரிமை போய்விடும். இதை இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

"அப்ப நான் இங்கயே இருக்கேன்" என்றார் பெட்டிக்ரூ, ஈரக் கோட்டைப் பிழிந்துகொண்டே.

"ஒரு மாசமா?"

"எனக்கு டண்டீல என்ன வேலை?"

அவர் இருந்தார். பால்வண்டிக்காரர் ஒரு கூடாரம் கொடுத்தார். வாத்துக்குப் பின்பக்கமாகக் கூடாரம் போடவேண்டியிருந்தது. ஆனால் வாத்து உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி உட்காரும். அது வடக்கே பார்த்தால் அவர் தெற்கே போவார், அது தெற்கே பார்த்தால் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே வருவார். மூன்று நாள் இப்படி ஓடியபிறகு என்னிடம் முறையிட்டார். உட்கார்ந்த வாத்துக்கு முன் பின் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னேன். இயற்கை உபாதைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போகலாம், ஆனால் வாத்து சீறினால் காதில் விழும் தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்றும் சொன்னேன். இருபது வருஷத் தொழிலில் நான் கொடுத்த தெளிவான தீர்ப்புகள் அந்த இரண்டும்தான். தினம் ஒரு தடவை வாத்து முட்டைகளை மூடிவிட்டு மேய எழுந்திருக்கும். அவரும் எழுந்து பின்னாலேயே போவார். அது திரும்பி வரும்போது, முந்திவிடாமல் இருக்க அவர் புல்லில் சுற்றி ஓடுவதைப் பார்க்க ஆட்கள் சாப்பாட்டு மூட்டையோடு வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பெட்டிக்ரூ பையைத் திறந்தார். ஓய்வு பெற்ற பிறகும் இடுக்கியைப் பிரியாத மனிதர். பல் ஒரே இழுப்பில் வந்தது. மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பல் டாக்டரே கிடையாது. பல் வலித்தால் விஸ்கி, அதற்கும் அடங்காவிட்டால் கொல்லன். அந்த வாரக் கடைசியில் பால்கேன் மேடைதான் நாற்காலி, கற்சுவர்தான் வரிசை. நோயாளி வாயைத் திறந்து கத்தும்போதெல்லாம் வாத்தும் கூடவே கத்தியது. அது ஆறுதலாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

மிஸ் லீத் இதையெல்லாம் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்குவதில்லை என்று சபதம். ஆனால் அவருடைய கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்ததை நான் கவனித்தேன். ஓட்ஸ் கஞ்சியைக்கூட ஒரு பக்கமாகவே குடித்தார். ஒருநாள் மத்தியானம் சால்வையால் தலையைக் கட்டிக்கொண்டு ஓடையோரம் வந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

பெட்டிக்ரூ எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவர்கள் இருவரும் அதுவரை நேரில் சந்தித்ததே இல்லை.

"மிஸ் லீத்."

"மிஸ்டர் பெட்டிக்ரூ. என் வீட்டைப் பிடுங்க வந்த ஆளு நீங்கதானே?"

"ஆமாங்க. எந்தப் பல்லு?"

"கீழ. எடது பக்கம்."

அவர் மேடைமேல் உட்கார்ந்து வாயைத் திறந்தார். பெட்டிக்ரூ சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா வலி?"

வாயைத் திறந்தபடி ஏதோ சொன்னார். "அவங்கப்பா போனதுலேர்ந்தாம்" என்று வரிசையில் நின்ற டில்லிபோ மொழிபெயர்த்தார். மிஸ் லீத் கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்த்தார்.

"இத இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீங்க?" என்றார் பெட்டிக்ரூ. அவருடைய குரலில் மரியாதை இருந்தது. பல்லை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மிஸ் லீத் சத்தம் போடவில்லை. வாத்து மட்டும் கத்தியது. பல் வந்ததும் அவர் ஓடையில் வாய் கொப்பளித்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

"உங்களுக்கு எதுக்கு என் வீடு?"

பெட்டிக்ரூ இடுக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாப்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். ஒரு தடவையாவது உசரத்துல நின்னு தூரமாப் பாக்கணும்னு ஆசை."

"அதுக்குக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

மிஸ் லீத் நேர்மையான பெண்மணி. "மாட்டேன்" என்றார். பிறகு மேட்டைப் பார்த்து நடந்தார். அன்று சாயங்காலம் பால்வண்டிக்காரர் மூலம் ஒரு தூக்கில் பார்லி சூப் வந்தது. மறுநாளும் வந்தது. வாத்தை விட்டு நகரமுடியாத மனிதனைப் பட்டினி போடுவது லீத் வம்சத்துக்கு அழகில்லை என்று என்னிடம் விளக்கம் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்தது. மலைப்பக்கம் கறுத்துக்கிடந்து, ஒரு மத்தியானம் ஓடை தேநீர் நிறத்தில் பொங்கி வந்தது. நான் போனபோது டில்லிபோவும் இன்னும் நாலைந்து பேரும் சுவரின்மேல் ஏறி நின்றிருந்தார்கள். தண்ணீர் பால்கேன் மேடையை எட்டிவிட்டது. கூடாரம் போய்விட்டது. முட்செடி மூலையில் வாத்து உட்கார்ந்திருந்தது. அதன் வாலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. முட்டையை விட்டு எழ மறுத்தது. பெட்டிக்ரூ முழங்காலளவு தண்ணீரில் அதன் பக்கத்தில் நின்றார்.

"தூக்குய்யா அதை" என்றார் டில்லிபோ.

"நீங்க தூக்குங்க. உங்க வாத்துதானே."

"நான் தொட்டா அந்தம்மா வீடு போயிடும். அவங்க பக்கத்து ஆளு நானு."

இதில் நான் திடுக்கிட்டேன், ஏனென்றால் டில்லிபோ அதைப் பெருமையாகச் சொன்னார்.

பெட்டிக்ரூ என்னைப் பார்த்தார். "நான் தூக்கினா?"

"யாரும் விரட்டக்கூடாது, கயிறு கட்டக்கூடாதுன்னு இருக்கு. தூக்கிறதப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றேன். "ஆனா யோசிச்சுக்குங்க. நீங்க சும்மா நின்னா, வாத்து தண்ணியோட போயிடும். வாசலுக்கு வந்து சேராது. அப்ப வீடு உங்களுது."

அவருடைய வக்கீலாக அதைச் சொல்வது என் கடமை. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இடுக்கிகளையெல்லாம் ஓடையில் கொட்டினார். கம்பளிக் கழுத்துத்துணியைப் பைக்குள் விரித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். வாத்து அவருடைய காதைப் பிடித்துக் கடித்தது. கடித்த வாத்தை அவர் அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து ஏறி, மேட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கினார். வாத்தின் தலை அவருடைய தோளுக்கு மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"வக்கீலு, இப்ப வாத்து முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா?" என்று மழையில் ஓடிவந்தபடியே டில்லிபோ கேட்டார்.

"உடம்பு முன்னாடி, தலை பின்னாடி."

"சட்டத்துக்கு எது கணக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

கோபுரவீட்டு முற்றத்தில் பெட்டிக்ரூ வழுக்கி முழங்காலில் விழுந்தார். பையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்தார். வாத்து கைநழுவிக் கீழே இறங்கியது. சிறகை உதறியது. எதிரே இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே சமையலறை அடுப்பின் வெளிச்சம். வாசலில் மிஸ் லீத் நின்றார். கூப்பிடவில்லை, அசையவில்லை, மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் மழையில் அப்படியே நின்றோம். வாத்து எங்களை ஒரு தடவை வெறுப்போடு பார்த்தது. பிறகு முற்றத்தைக் கடந்து, படியேறி, மிஸ் லீத்தின் முழங்காலைப் பார்த்துச் சீறிவிட்டு, உள்ளே போனது.

முழங்காலில் இருந்த பெட்டிக்ரூ எழுந்திருக்கவில்லை.

"என் முன்னாடிதான் போச்சு" என்றார் என்னிடம்.

"நானும் பாத்தேன்" என்றார் மிஸ் லீத்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போனபிறகு வக்கீலுக்கு வேலை இல்லை. நான் அடுப்புப் பக்கம் போய்க் கோட்டைக் காயவைத்தேன். முட்டைகளை ரொட்டி சுடுகிற அடுப்பின் ஓரத்தில் வைக்கோல் போட்டு வைத்தார்கள். வாத்து வந்து உட்கார்ந்துகொண்டது. டில்லிபோவுக்கு மிஸ் லீத் தன் கையால் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். அவர் கோப்பையை மேஜைமேல் வைத்தார். அது மெதுவாக ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. டில்லிபோ அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு கோப்பையை எடுத்து ஒரே வாயில் குடித்துவிட்டார். அன்றுதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"வாங்க" என்றார் மிஸ் லீத், பெட்டிக்ரூவிடம். "மேல போய்ப் பாத்துட்டு வரலாம். நெத்திய இடிச்சுக்காதீங்க."

அவருக்கு அந்தக் கவலை தேவைப்படவில்லை. எல்லா நிலைப்படியும் அவருடைய தலைக்கு மேலேயே இருந்தது. நானும் பின்னால் ஏறினேன். உச்சியில் மழையும் மூடுபனியும். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைதான். ஆறும் இல்லை, ஊரும் இல்லை. பெட்டிக்ரூ சுவரைப் பிடித்துக்கொண்டு, காதில் ரத்தம் வழிய, நெடுநேரம் நின்றார்.

"ஒண்ணும் தெரியல" என்றார்.

"வருஷத்துல பாதி நாள் இப்படித்தான்" என்றார் மிஸ் லீத். "நாளைக்கு வாங்க."

அவர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். மூன்றாம் வாரம் ஆடம்பரமில்லாத ஒரு வெயில் நாளில் எல்லாம் தெரிந்தது: ஆறு, பாலம், டர்னிப் வயல், பாதிரியார் வீட்டுத் துணிக்கொடி. "இவ்வளவுதானா?" என்று கேட்டாராம். "இவ்வளவுதான்" என்றாராம் மிஸ் லீத். இருவரும் அங்கேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

முட்டைகளில் பாதிதான் பொரித்தது. டில்லிபோ குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போனார். பாதிரியார் மட்டும் போக மறுத்துச் சமையலறையிலேயே தங்கிவிட்டது. பெட்டிக்ரூ ஊரில் பால்வண்டிக்காரரின் மாடியில் ஒரு அறை எடுத்தார். புது இடுக்கிகள் வாங்கி, வியாழக்கிழமைகளில் கோபுரவீட்டின் கீழ்த்தளத்து வளைவறையில் பல் பிடுங்கினார். அந்தக் கல்லுக்குள் கத்தினால் வெளியே கேட்காது.

அவர்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஊர் சில வருஷம் காத்திருந்தது. பந்தயம்கூடக் கட்டினார்கள். நான் ஒருநாள் மிஸ் லீத்திடம் நேரடியாகவே கேட்டேன்.

"அந்த மனுஷன் சாப்பிடும்போது என் பல்லையே பாக்குறாரு கில்பர்ட்" என்றார். "அதோட வாழ முடியுமா சொல்லு."